சோட்டுவின் லாட் கார்டு

மணல் தட்டில் எறும்பு மொய்த்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு பழைய பிளாஸ்டிக் டிரேயில் மணல் நிரப்பி எங்கள் பூனை சோட்டுவுக்கு வைத்திருக்கிறோம். காலையில் அதைச் சுத்தம் செய்வது என் வேலை. முன்பெல்லாம் ஈர மணல் இரண்டு கட்டி இருக்கும். மாசி மாதத்தில் அது ஐந்து ஆறு ஆனது. ஒருநாள் அந்தக் கட்டியைச் சுற்றிச் சிற்றெறும்பு வரிசை கட்டியிருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். பதினாறு வருடமாகச் சர்க்கரையோடு இருப்பவள், வேலூர் சி.எம்.சி.யில் காட்டி இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். "டேய், இதுக்கும் என் வியாதிதான்டா. இன்னாத்துக்கு இவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு அப்பவே நெனச்சேன்" என்றாள்.

நீரிழிவு என்று பெயர் வைத்தவர்கள் நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்து வைத்திருக்கிறார்கள். பூனையின் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250, 290 மில்லிகிராம் என்று போகும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை மூத்திரத்தில் இறங்குகிறது, இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. போனதை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. தின்பது உடம்பில் ஒட்டாததால் தின்றுகொண்டும் இருக்கிறது. சோட்டு அப்படித்தான் இருந்தான். தட்டை நக்கிக் காலி செய்துவிட்டு மறுபடி என் காலைச் சுற்றுவான். தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. போன வருடம் 6.4 கிலோ இருந்தவன் 4.9க்கு வந்திருந்தான். மதில் ஏறுவதை விட்டுவிட்டான். நடக்கும்போது பின்னங்காலின் குதிகால் தரையில் படிந்தது, முயல் நகர்வதுபோல. வயதாகிறது என்று நினைத்தோம். ஒன்பது வயதுதான். சர்க்கரை கால் நரம்பைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது என்று பிறகு டாக்டர் அம்மா சொன்னார்.

நான் இருபத்தேழு வருடம் டேனரியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பீம்ஹவுஸ், அதாவது உப்புத் தோல் வந்து ஊறி, சுண்ணாம்பு ஏறி, மயிர் கழிந்து, பதனிடத் தயாராகிற இடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் எத்தனை டேனரியோ அத்தனையிலும் பூனைகள் உண்டு. உப்புத் தோல் குடோனில் எலி வரும், எலிக்குப் பின்னால் பூனை வரும். சோட்டு அப்படி ஒரு குடோனில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே பிறந்தவன். நாலு குட்டியில் இவன்தான் ரொம்பச் சின்னவன், அதனால் அந்தப் பெயர். பெயர் வைத்தது அடுத்த வீட்டுக் காலா, உருதுவில் சித்தி என்று பொருள். பூனையைப் பட்டினி போடுவது பெரிய பாவம் என்று நம்புகிற வீடு அது. எங்கள் தெருவில் பூனைகளுக்கு யாரும் கல் எடுப்பதில்லை.

வேலூரில் சிறு பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் அம்மாவிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு வந்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். ரத்தத்தில் 412 காட்டியது. அதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை ஏறும். கூடையும் பஸ்ஸும் மருந்து வாடையும் போதும், நோயில்லாத பூனைக்கே 300 தாண்டலாம் என்றார். மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறதா, இன்சுலின் போதாமல் கொழுப்பு கரையும்போது சேரும் கீட்டோன் இருக்கிறதா என்று பட்டை வைத்துப் பார்த்தார். சர்க்கரை நிறைய, கீட்டோன் இல்லை. ஃபிரக்டோசமின் என்ற சோதனைக்கும் ரத்தம் அனுப்பினார். அது முந்தைய ஓரிரு வாரத்தின் நிலவரத்தைச் சொல்லும். அம்மாவுக்கு எடுக்கிற மூன்று மாதச் சராசரிக்குப் பூனை உலகத்துத் தம்பி என்று புரிந்துகொண்டேன்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கருத்தடை செய்த ஆண், கனத்த உடம்பு, எட்டு வயதுக்கு மேல், வீட்டுக்குள்ளேயே சோம்பல். போதாததற்கு முந்தைய ஆண்டில் அரிப்புக்காக வேறோர் இடத்தில் மூன்று முறை நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தோம். அரிப்பு ஒரே நாளில் நின்றது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்ய விடாது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டாக்டர் அம்மா சொன்ன இன்னொன்றுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருகிற வகை. கணையம் முழுக்கச் செத்துவிடுவதில்லை, சர்க்கரையின் சுமையிலேயே களைத்துப்போய்க் கிடக்கிறது. முதல் சில மாதங்களுக்குள் ஒழுங்காக இறக்கிவிட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. எல்லாப் பூனைக்கும் இல்லை, ஆனால் அதற்கான வாய்ப்பு ஆரம்பத்தில்தான் அதிகம்.

கணையம் எனக்குப் புதிய உறுப்பு இல்லை. தோல் வேலை தெரியாதவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சுண்ணாம்பு கழித்த தோலை மெதுவாக்க டிரம்மில் ஒரு பொடி போடுவோம், பேட் என்போம். தோலில் மிச்சமிருக்கும் வேண்டாத புரதத்தை அது செரித்துவிடும், தோல் பட்டாக வழுக்கும். பழைய காலத்தில் இதற்கு நாய் மலமும் புறாக் கழிவும்தான் பயன்பட்டன. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் மிருகக் கணையத்தின் நொதியை வைத்து இதைச் செய்யலாம் என்று காட்டி, 1907இல் ஓட்டோ ஹாஸோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். ஓரோபான் என்று அந்தப் பொடிக்குப் பெயர். அதில் வேலை செய்வது டிரிப்சின், கணையம் குடலுக்கு அனுப்புகிற செரிமான நொதி. அதே கணையத்துக்குள் தீவு தீவாக இருக்கும் சிறு திசுக்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. கணையத்தை அரைத்து இன்சுலின் எடுக்கப் பார்த்தவர்களை முதலில் வழிமறித்தது இந்த டிரிப்சின்தான். இன்சுலினும் ஒரு புரதம், டிரிப்சின் கூட இருந்தே அதைச் செரித்துவிடும். டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் 1921இல் நாய்களின் கணையக் குழாயைக் கட்டி, செரிமானத் திசு சுருங்கக் காத்திருந்து எடுத்தார்கள். 1922 ஜனவரியில் பதினாலு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்துக்கு இன்சுலின் கிடைத்தது அடிமாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும்தான். அந்த மாட்டின் தோல் எங்களைப் போன்றவர்களின் டிரம்முக்கு வந்திருக்கும். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம், மனித இன்சுலினோடு நான்கு. இருபத்தேழு வருடம் கணையத்தின் ஒரு பாதியோடு வேலை செய்துவிட்டு, மறு பாதிக்காக என் பூனையின் முன்னால் உட்கார்ந்தேன்.

டாக்டர் அம்மா எழுதிக்கொடுத்தது கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு யூனிட். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. ஆக, ஒரு யூனிட் என்பது மில்லியில் நூறில் ஒரு பங்கு, கண்ணுக்குச் சொட்டாகத் தெரிகிற ஒரு துளியில் ஐந்தில் ஒன்று. டன் கணக்கில் தோல் ஏற்றிய டிரம்மில் கிலோக் கணக்கில் மருந்து கொட்டிய கைக்கு அது தூசு. அந்தத் தூசு ஒரு பூனையைச் சாய்த்துவிடும் என்பது மனதில் பதிய எனக்குச் சில நாள் பிடித்தது.

கிளார்ஜின் வேலை செய்கிற விதத்தை டாக்டர் அம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அத்தனை சொந்தமாக இருந்தது. குப்பிக்குள் அது பி.எச். 4 அளவில், புளிப்பில், தெளிந்த நீராகக் கரைந்திருக்கிறது. தோலுக்கடியில் போனதும் உடம்பின் பி.எச். ஏழைத் தாண்டி இருப்பதால் நுண்ணிய படிவாக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. குரோம் பதனிடுவதில் நாங்கள் செய்வதும் இதன் சாயல்தான். முதலில் அமிலத்தில் தோலை ஊறவைத்தால்தான் குரோம் உள்ளே வரை இறங்கும். இறங்கிய பிறகு சோடா கொடுத்து பி.எச்.சை ஏற்றினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு முன்பே ஏற்றினால் மேலே படிந்து தோல் கெடும். அதனால் கிளார்ஜினைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யக் கூடாது, வேறு இன்சுலினோடு கலக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது காரணம் கேட்கத் தேவைப்படவில்லை.

முதல் நாள் சாயங்காலமே ஒரு பெரிய தப்பு நடக்கப் பார்த்தது. அம்மாவின் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. சோட்டுவின் மருந்து 100, அதற்கு ஆரஞ்சு மூடி. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எங்கள் ஃபிரிட்ஜின் மேலும் ஒரே டப்பாவில் இருந்தன. கை நடுக்கத்தில் நான் சிவப்பு மூடியை எடுத்துக் குப்பியில் குத்தி, ஒரு கோடு வரை இழுத்துவிட்டேன். 40 யூனிட் ஊசியில் ஒரு கோடு என்றால் மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அதில் 100 யூனிட் மருந்தை நிரப்பினால் இரண்டரை யூனிட். ஒன்று கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டரை. என் வீட்டுக்காரி மூடியின் நிறத்தைப் பார்த்துக் கையைப் பிடித்தாள். மூச்சுக் காட்டாமல் அந்த ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தாள்.

அன்றிலிருந்து ஊசி போடுவது பெரும்பாலும் அவள்தான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனில் இருக்கிறாள். துணியில் தப்பாகக் குத்தினால் பிரித்து மறுபடி தைக்கலாம், தோலில் ஊசி போன ஓட்டை நின்றுவிடும். ஆகவே குத்துவதற்கு முன்னாலேயே எங்கே, எந்தச் சாய்வில் என்று முடிவு செய்கிற பழக்கம் அந்தக் கைகளுக்கு உண்டு. ஊசியைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. தோலைப் பற்றி மட்டும் சொன்னேன். எந்த மிருகமானாலும் பிட்டத்துப் பக்கத் தோல் கெட்டி, இழை நெருக்கமாக இருக்கும். விலாவும் அடிவயிற்றுப் பக்கமும் தளர்வு. பிடரியைத் தூக்குவது சுலபம், ஆனால் ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே தடித்துப்போகும். எனவே இன்று இடது விலா, இரவு வலது விலா, நாளை கொஞ்சம் கீழே என்று மாற்றிக்கொண்டே போகிறோம். இரண்டு விரலால் தோலைக் கூடாரமாகத் தூக்கி, கூடாரத்தின் வாசலில் ஊசி நுழைய வேண்டும். ஊசியின் நீளம் எட்டு மில்லிமீட்டர், மயிரிழை மாதிரி மெல்லிசு. சோட்டு தட்டில் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருப்பான், காது கூட அசையாது.

சில நாள் மறுபக்கத்தால் ஊசி வெளியே வந்து மருந்து மயிரில் போய்விடும். விரலால் தடவி முகர்ந்தால் தெரிந்துவிடும். இன்சுலினில் சேர்க்கும் கிரெசால் வாடை, டேனரியில் குரோம் ஏறிய வெட் ப்ளூ தோலில் பூஞ்சை வராமல் போடுகிற மருந்துக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அப்படி நேர்ந்தால் இன்னொரு தடவை போடக் கூடாது. பாதி உள்ளே போயிருக்கலாம். ஒரு வேளை மருந்து தவறினால் பூனைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு வேளை மருந்து ஒன்றாகப் போனால் உயிருக்கு ஆபத்து. இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

டேனரியில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒன்றாக ஓட்டுகிற தோல் தொகுதிக்கும், ஒரு கார்டு உண்டு. எத்தனை மணிக்கு எது போட்டோம், எத்தனை சதவீதம், பி.எச். என்ன, சூடு என்ன, எத்தனை மணிக்கு வடித்தோம். கார்டு எழுதாமல் ஓட்டிய லாட் நன்றாக வந்தாலும் அதை நான் மதித்ததில்லை, ஏன் நன்றாக வந்தது என்று யாருக்கும் தெரியாதே. சோட்டுவுக்கும் கோடு போட்ட நோட்டில் ஒரு கார்டு தொடங்கினேன். தேதி, மணி, சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை, தின்றது எத்தனை கிராம், மருந்து எத்தனை யூனிட், எந்தப் பக்கம் குத்தியது, குடித்த தண்ணீர் எத்தனை மில்லி, மணலில் எத்தனை கட்டி. ஞாயிறு தோறும் எடை. டாக்டர் அம்மா அந்த நோட்டைப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

காதில் குத்திச் சர்க்கரை பார்ப்பது பலருக்குப் பயம். அதில் பயப்பட ஒன்றுமில்லை, சூடுதான் ரகசியம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் வைத்தால் ஓரத்து ரத்தக் குழாய் புடைக்கும். விரலால் மெல்லியதாக வாசலின் தடவினால் ரத்தம் மயிரில் பரவாமல் முத்தாக நிற்கும். காதின் பின்னால் மடித்த பஞ்சை வைத்துத்தான் குத்த வேண்டும், இல்லாவிட்டால் ஊசி மறுபக்கம் வந்து உங்கள் விரலில் ஏறும். கடுகளவு ரத்தம் போதும். குத்திய இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். பத்தாவது நாள் மீட்டரின் சத்தம் கேட்டதுமே சோட்டு தானாக வந்து உட்கார்ந்தான். நாங்கள் பயன்படுத்துவது அம்மாவின் மீட்டர். மனித ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுக்களுக்குள்ளும் நிறைய இருக்கும், பூனைக்குப் பெரும்பாலும் வெளியே நீரில் இருக்கும். ஆகையால் மனிதருக்கான மீட்டர் பூனையில் பொதுவாகக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 6 முதல் மாலை 6 வரை இரண்டு மணிக்கொரு தடவை பார்த்தோம். 318, 276, 201, 142, 131, 188, 262. காலை 318ஐ மட்டும் பார்த்திருந்தால் நான் மருந்தைக் கூட்டச் சொல்லியிருப்பேன். பகல் இரண்டு மணிக்கு 131க்கு இறங்கியிருக்கிறது என்பதுதான் உண்மையான செய்தி. இறங்குகிற இடம் 80க்கும் 150க்கும் நடுவே இருந்தால் நல்லது, மாற்ற வேண்டாம் என்றார் டாக்டர் அம்மா. பேட் போட்ட தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். தடம் நிற்கவில்லை என்று அவசரத்தில் இன்னொரு கை பொடி போட்ட புதுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்துத் தோலின் மேல்பரப்பு கந்தலாகிவிடும், அதற்கு மாற்று இல்லை. அந்த 318ஐப் பார்த்தபோது என் கையும் அந்தப் பையன்களின் கைதான்.

பத்தொன்பதாவது நாள் தவறு நடந்தது. அன்று சாயங்காலம் சோட்டு இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தான். மருந்து நேரமாகிவிட்டது என்று முழு யூனிட்டும் நானே போட்டேன். ராத்திரி 11 மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தவன் குடித்தவன்போல் தள்ளாடினான், கூப்பிட்டால் திரும்பவில்லை. மீட்டரில் 46. 60க்குக் கீழே போனாலே ஆபத்து. விரலில் தேன் எடுத்து ஈறில் தடவினோம். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் கடித்தும் விடுவான். கால் மணிக்கு ஒருமுறை பார்த்தோம். தெளிவு வந்ததும் கோழிச் சாறும் கறியும் கொடுத்தோம். இரண்டு மணிக்கு 118. காலையில் டாக்டர் அம்மா, அன்றைய முதல் மருந்தை நிறுத்தி, அரை யூனிட்டில் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். கார்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தின்னாத பூனைக்கு முழு மருந்து கிடையாது. சரியாகத் தின்னாத அன்று முதலில் மருத்துவருக்குப் போன். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால், வாந்தியும் சோர்வும் சேர்ந்தால், தாமதமின்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது கீட்டோன் ஏறுவதாக இருக்கலாம்.

சாப்பாடுதான் வீட்டில் பெரிய சண்டையை உண்டாக்கியது. சோட்டு எட்டு வருடமாகத் தயிர்ச் சோறும், பாலில் நனைத்த பிஸ்கெட்டும், மீன் குழம்பு பிசைந்த சோறும் தின்றவன். வெள்ளிக்கிழமைகளில் காலா வீட்டுப் பிரியாணியில் ஒரு பங்கு வரும். பூனை கறி தின்னப் பிறந்த மிருகம். அரிசிச் சர்க்கரையைச் சட்டென்று கையாள அதன் ஈரலுக்கு வசதி குறைவு. இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது. அதற்கான மரபணு பூனை இனத்திலேயே செயலிழந்து போனதை 2005இல் கண்டுபிடித்தார்கள். "அதுக்கு இனிப்பே தெரியாதும்மா, பிஸ்கெட்டுல இருக்கிற பால் வாடைக்கும் கொழுப்புக்கும்தான் தின்னுது" என்றேன். அம்மா நம்பவில்லை. "கம்னு இருடா, எம்மா ஆசையா தின்னும்" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே பிஸ்கெட் டப்பாவை மேல் தட்டில் ஏற்றினாள். தன்னிடமிருந்தும் அதைத் தள்ளி வைத்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரியாணியில் அரிசியைவிட வெங்காயமும் பூண்டும் பூனைக்குக் கேடு, சிவப்பணுக்களை உடைக்கும். காலாவிடம் சொன்னேன். "தம்பி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று வருந்தியவர், இப்போது மசாலா சேர்ப்பதற்கு முன் இரண்டு துண்டு கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தனியாக எடுத்து வைக்கிறார். வெறும் கோழிக்கறியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் போகும். சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். ஆகவே முழுச்சத்து என்று போட்ட ஈர உணவுதான் அடிப்படை. உறையின் பின்னால் உள்ள புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் மீதி மாவுச்சத்து. அதிலிருந்து கிடைக்கும் கலோரி மொத்தத்தில் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. உலர்ந்த உருண்டைத் தீனி பெரும்பாலும் இந்தக் கணக்கில் தோற்கும். சோற்றை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு மருந்தை அப்படியே விட்டால் 46 மறுபடி வரும்.

வேலூர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரியில் 40 டிகிரி தாண்டும், மின்சாரமும் போகும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் வீண், வெந்தாலும் வீண். ஃபிரிட்ஜில் நடுத்தட்டு, உறைபெட்டிக்கு அருகில் வேண்டாம். நெடுநேரம் மின்சாரம் போகிற நாளுக்காக, பெரிய மண்பானைக்குள் ஈர மணலும் அதற்குள் சின்னப் பானையும் வைத்து மூடித் தயாராக வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, வெளிச் சூட்டிலிருந்து காப்பாற்றும்.

அம்மா ஆவாரம்பூக் கஷாயம் கொடுக்கலாம் என்றாள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஆவாரை இரண்டு வகையில் சொந்தம். குரோம் வருவதற்கு முன் எங்கள் தாத்தா காலத்துத் தோலெல்லாம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமானதுதான். பூவைச் சர்க்கரைக்குக் குடிக்காத வீடும் இல்லை. ஆனால் மனிதருக்கே எத்தனை என்று அளவு சொல்ல முடியாத ஒன்றை, யூனிட்டில் பாதி கூடினால் தள்ளாடுகிற உயிருக்குக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

12 மணி நேரக் கெடு எங்கள் நாளை மாற்றியமைத்தது. வீட்டுக்காரிக்குக் கம்பெனி பஸ் ஏழு மணிக்கு முன் வந்துவிடும், ஆகவே காலை 6, மாலை 6. மாலை பாங்கு சொன்னதும் போட்டுவிடுங்கள் என்றார் காலா. நல்ல யோசனைதான். ஆனால் மக்ரிப் பாங்கு சூரியனோடு போகிறது, கார்த்திகைக்கும் ஆடிக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வித்தியாசம். கடிகாரத்தையே வைத்துக்கொண்டோம். நாங்கள் ஊருக்குப் போன இரண்டு நாள் காலாவின் மகன் போட்டான். போவதற்கு முன் ஒரு வாரம் அவனை ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீர் குத்திப் பழக வைத்தோம்.

இப்போது எட்டு மாதம். சோட்டு 5.4 கிலோ. மணலில் கட்டி மறுபடி இரண்டாகிவிட்டது, எறும்பு வரவில்லை. மருந்து வேளைக்கு அரை யூனிட். குதிகால் தரையிலிருந்து எழும்ப நான்கு மாதம் ஆனது. போன வாரம் பின்மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தான். மருந்து முழுக்க நிற்குமா என்று டாக்டர் அம்மா இன்னும் சொல்லவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை. கார்டு மூன்றாவது நோட்டுக்குப் போயிருக்கிறது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் மனிதருக்கு ஒன்று, பிராணிக்கு ஒன்று என்று இரண்டு இன்சுலின் இருந்தால், சிவப்பு மூடி ஊசியையும் ஆரஞ்சு மூடி ஊசியையும் இன்று இரவு படுக்கப் போவதற்குள் வேறு வேறு டப்பாவில், வேறு வேறு அலமாரியில் வைத்துவிடுங்கள்.